கொரோனா காலத்தில் நாங்கள் பார்த்த மதுரை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது. விழா நடந்த ஆண்டு 2022.)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கம் இல்லை. அதனால எழுதிக் கொண்டாந்ததை வாசிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

"கொரோனா காலத்துல உங்க குழு என்ன செஞ்சுச்சு"ன்னு பேசச் சொன்னாங்க. மாஸ்க் தைச்சதை, கபசுரக் குடிநீர் கொடுத்ததை எல்லாம் மற்ற குழுக்காரங்க நல்லாச் சொல்லிட்டாங்க. நாங்களும் அதெல்லாம் செஞ்சோம். ஆனா நான் சொல்ல வந்தது வேற. எங்க குழுவில ஒன்பது பேர் ஒரு நாள் மதுரையைச் சுத்திப் பாக்கப் போனோம். அதுல சந்தோஷமும் இருக்கு, நான் செஞ்ச ஒரு தப்பும் இருக்கு. ரெண்டையும் சொல்றேன்.

எங்க ஊரு திருமங்கலத்துக்குப் பக்கம். மதுரைக்கு டவுன் பஸ்ஸில ஒண்ணேகால் மணி நேரம். இவ்வளவு கிட்டத்துல இருந்தும் மதுரைன்னா எங்களுக்குத் தெரிஞ்சது மூணே இடம்தான். ஒண்ணு பெரிய ஆஸ்பத்திரி. ரெண்டாவது திங்கக்கிழமை மனுக் கொடுக்கப் போற கலெக்டர் ஆபீஸ். மூணாவது தீபாவளிக்குத் துணி எடுக்கிற கடை. மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கூட கல்யாணமான புதுசுல மாமியாரோட போனதுதான். திருமலை நாயக்கர் மஹாலைப் பள்ளிக்கூடப் புஸ்தகத்துல பார்த்திருக்கேன். நேர்ல பார்த்ததில்லை. எங்க குழுவில பதினாலு பேர். மஹாலைப் பார்த்தவங்க கை தூக்குங்கன்னு ஒரு கூட்டத்துல கேட்டப்போ ரெண்டு கைதான் தூக்குச்சு.

2020 மார்ச்சுல ஊரடங்கு போட்டாங்க. மே மாசம் 4-ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம். மதுரைப் பக்கத்துப் பொம்பளைகளுக்கு அந்த நாள் எப்படின்னு சொல்லத் தேவையில்லை. அன்னைக்குத்தான் தாலிக்கயிறு மாத்துவோம். அந்த வருஷம் கோயிலுக்குள்ள பட்டர்கள் மட்டும் நடத்தினாங்க. நாங்க போன்ல பார்த்துக்கிட்டே வீட்டு வாசல்ல உட்கார்ந்து கயிறு மாத்திக்கிட்டோம். அந்த வருஷம் அழகர் ஆத்துல இறங்கல. 2021-லயும் இறங்கல. ஜூன் 24-லிருந்து மதுரைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு வந்துச்சு. மாவட்டம் தாண்டணும்னா இ-பாஸ். பக்கத்து மாவட்டத்துல இருக்கிற எங்க அம்மாவைப் பாக்கவே அஞ்சு மாசம் ஆச்சு. செப்டம்பர் 1-ஆம் தேதி மாவட்டத்துக்குள்ள பஸ் விட்டாங்க. 7-ஆம் தேதி வெளி மாவட்டத்துக்கும் விட்டாங்க. முதல் பஸ் எங்க ஊரு வளைவுல ஆரன் அடிச்சப்போ, எங்கேயும் போறதுக்கு இல்லாத பொம்பளைங்க கூட வாசலுக்கு வந்து நின்னு பார்த்தோம்.

2021 மே 8-ஆம் தேதி, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில பெண்களுக்கு இலவசம்னு வந்துச்சு. எங்களுக்கு எல்லாம் நம்பவே முடியல. ஆனா எங்க அதிர்ஷ்டம் பாருங்க, 10-ஆம் தேதியிலிருந்து மறுபடி முழு ஊரடங்கு. ரெண்டே நாள்தான் ஓசிப் பயணம். அப்புறம் ஜூன் கடைசியிலதான் எங்க பக்கம் பஸ் ஓடுச்சு. அந்த ரெண்டாவது அலையில எங்க ஊருல போனவங்களைப் பத்தி இங்க பேசினா அழுகைதான் வரும். அதை விட்டுடுறேன்.

எங்க குழுவில பூக்கட்டுற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. வயசு அறுபது தாண்டுச்சு. செப்டம்பர் மாசக் கூட்டத்துல கடன் வசூல் கணக்கெல்லாம் முடிச்சு நோட்டை மூடும்போது அவங்க சொன்னாங்க: "நாற்பது வருஷமா மதுரைக்குப் பூ வாங்கப் போறேன். மார்க்கெட்டைத் தவிர ஒண்ணையும் பார்த்ததில்ல. இப்போ பஸ்ஸும் ஓசி. அந்த மஹாலை ஒரு தடவை பார்த்துட்டா கண்ணை மூடிருவேன்." எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் யாரும் சிரிக்கல. போனா என்னன்னு தோணிருச்சு.

உடனே வாக்குவாதம். ஒருத்தங்க "ஊரே பயந்து கிடக்கு, இப்போ ஊர் சுத்துறதா"ன்னாங்க. இன்னொருத்தங்க "ஆஸ்பத்திரிக்குன்னா பயமில்லாமப் போறோம்ல, கோயிலுக்குன்னா மட்டும் பயமா"ன்னாங்க. ரெண்டு பேர் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. கடைசியில சில விதி வச்சோம். தடுப்பூசி போட்டவங்க மட்டும்தான் வரணும். செப்டம்பர் 12-லிருந்து ஞாயித்துக்கிழமைகள்ல பெரிய முகாம் போட்டாங்க இல்லையா, ஊசிக்குப் பயந்து ஓடிக்கிட்டு இருந்த நாலு பேர் மதுரை பாக்கணும்னே போய்ப் போட்டுக்கிட்டாங்க. சளி, காய்ச்சல் இருந்தா வரக்கூடாது. மாஸ்க்கைக் கழட்டக் கூடாது. அப்போ மாஸ்க் இல்லைன்னா இருநூறு ரூபாய் அபராதம் வேற. சாப்பாடு, தண்ணி அவங்கவங்க கட்டிக்கிட்டு வரணும். குழுப் பணத்துல ஒரு பைசா எடுக்கக் கூடாது. சனி, ஞாயிறு வேண்டாம், தீபாவளிக் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஒரு புதன்கிழமை போயிரணும். அக்டோபர் 14-லிருந்து கோயில்கள் எல்லா நாளும் திறக்கலாம்னு ஆச்சு. நாங்க 20-ஆம் தேதி கிளம்பினோம்.

காலையில ஏழு மணி பஸ். கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட் ஒன்பது கிழிச்சுக் கொடுத்தாரு. "எல்லாரும் எங்க, ஆஸ்பத்திரிக்கா?"ன்னு கேட்டாரு. பூக்கார அக்கா "இல்லப்பா, மதுரையைப் பாக்க"ன்னாங்க. அவரு நிமிர்ந்து பார்த்துட்டு, "பாத்துட்டு வாங்கம்மா"ன்னு சொன்னாரு.

பெரியார் பஸ் ஸ்டாண்டை அப்போ இடிச்சுப் புதுசாக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. வெளி ரோட்டுலயே இறக்கி விட்டாங்க. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ல மங்கம்மாள் சத்திரம் இருக்கு. அந்தப் பேரைப் பார்த்துக்கிட்டேதான் நடந்தோம். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவங்க வீட்டுக்காரர் செத்து, மகன் அரசரானாரு. அந்த மகனும் 1689-ல அம்மை நோய் கண்டு செத்துட்டாரு. கைக்குழந்தையா இருந்த பேரனுக்காக அந்தம்மா ராஜ்யத்தை நடத்தினாங்க. நோயில மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா, அடுத்தவங்க ஊர் விட்டு ஊர் போறதுக்கு ரோடு போட்டு, மரம் வச்சு, சத்திரம் கட்டியிருக்காங்க. இதை நினைக்க எனக்கு ஒரு மாதிரி தைரியமா இருந்துச்சு.

மேல மாசி வீதியில 251-ஏ நம்பர் வீடு. கீழ கதர்க்கடை. மாடியிலதான் காந்தி தங்கியிருந்தாரு. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, சட்டையையும் குல்லாவையும் விட்டுட்டு இடுப்புத் துணிக்கு மாறினது அங்கதான். நாங்க போனது சரியா நூறு வருஷம் முடிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள. ஏழைங்களுக்கு உடுத்தத் துணி இல்லாதப்போ தனக்கு மட்டும் எதுக்குன்னுதான் அப்படி மாறினாராம். எங்க குழுவில தைக்கிறவங்க மூணு பேர். "துணியை வச்சு ஒரு மனுஷன் இவ்வளவு பேச முடியுமா"ன்னு அதுல ஒருத்தங்க சொன்னாங்க.

அப்புறம் கோயில். வீதிப் பேரெல்லாம் எங்களுக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு. கோயிலுக்குள்ள ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதைச் சுத்தி ஆவணி மூல வீதி, அதைச் சுத்தி மாசி வீதி, கடைசியா வெளி வீதி. கோலத்துல கட்டத்துக்கு வெளியே கட்டம் போடுவோமே, அதே மாதிரி. மாசப் பேரை வச்சே ஊரைக் கட்டியிருக்காங்க. மொத்தம் பதினாலு கோபுரம். தெக்குக் கோபுரம்தான் எல்லாத்துலயும் உசரம், நூத்தி எழுபது அடி.

உள்ளே போன் கொண்டுபோக விட மாட்டாங்க. 2018 பிப்ரவரியில வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சதுக்கு அப்புறம் வந்த கட்டுப்பாடு. ஒரு வகையில அது நல்லதாப் போச்சு. போட்டோ எடுக்காம கண்ணாலயே பார்த்தோம். பொற்றாமரைக் குளத்துப் படியில தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம். முக்குறுணி விநாயகர் முன்னாடி நின்னப்போ பூக்கார அக்காதான் விளக்கம் சொன்னாங்க. ஒரு குறுணின்னா ஆறு படி. மூணு குறுணி, பதினெட்டுப் படி அரிசியில சதுர்த்திக்கு ஒரே கொழுக்கட்டை செய்வாங்க. திருமலை நாயக்கர் மஹால் கட்ட மண் எடுத்த இடத்துல இந்தப் பிள்ளையார் கிடைச்சாரு, அந்தப் பள்ளம்தான் வண்டியூர்த் தெப்பக்குளம் ஆச்சுன்னு சொல்லுவாங்க. மண்ணு மஹாலுக்கு, பிள்ளையார் கோயிலுக்கு, பள்ளம் குளத்துக்கு. ஒண்ணையும் வீணாக்கல. நம்ம வீட்டுல பழைய சேலையை என்ன செய்வோமோ அதைத்தான் ராஜாவும் செஞ்சிருக்காரு.

அங்கிருந்து மஹாலுக்கு நடந்தே போனோம். 1636-ல கட்டினது. வாசலைத் தாண்டி உள்முற்றத்துக்குள்ள நுழைஞ்சதும் எல்லாரும் அப்படியே நின்னுட்டோம். தூணுன்னா அது தூணு. அன்னாந்து பார்த்தா கழுத்து வலிக்குது. இப்போ நாம பாக்கிறது அந்தக் காலத்து அரண்மனையில கால்வாசிதானாம். நாயக்கரோட பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாத்தினப்போ இதுல நிறையப் பிரிச்சு எடுத்துட்டாரு. அப்புறம் வெள்ளைக்காரங்க காலத்துல நேப்பியர் பிரபு கவர்னரா இருந்தப்போதான் இதைப் பழுது பார்த்துக் காப்பாத்தினாங்க.

காலையிலிருந்து ஒரு கை தூரம் விட்டுத்தான் நடந்துக்கிட்டு இருந்தோம். அந்தத் தூணு எத்தனை பேர் பிடின்னு பாக்கணும்னு ஒருத்தி ஆசைப்பட்டா. கையில சானிடைசர் தேய்ச்சுக்கிட்டு மூணு பேர் கை கோத்து ஒரு தூணைக் கட்டிப் பிடிச்சோம். ஒன்றரை வருஷமா வீட்டு ஆளுங்களைத் தவிர யார் கையையும் தொட்டதில்லை. பூக்கார அக்கா என் கையை விடவே இல்லை. அவங்க கண்ணுல தண்ணி. "பார்த்துட்டேன்த்தா"ன்னு மட்டும் சொன்னாங்க.

மதியம் ஒரு மரத்தடியில தள்ளித் தள்ளி உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். டவுன் பஸ் ஏறி, வைகைப் பாலம் தாண்டி, காந்தி மியூசியம் போனோம். அது இருக்கிற கட்டடம் பழைய தமுக்கம் அரண்மனை, அதுவும் ராணி மங்கம்மாளோடதுதான். 1959 ஏப்ரல் 15-ல நேரு திறந்து வச்சிருக்காரு. காந்தியைச் சுட்டப்போ அவரு உடுத்தியிருந்த ரத்தக்கறை படிஞ்ச துணி அங்க இருக்கு. காலையில துணியைக் குறைச்ச வீட்டைப் பார்த்தோம், சாயங்காலம் அவரோட கடைசித் துணியைப் பார்த்தோம். யாரும் ஒண்ணும் பேசிக்கல. பனியில சளி பிடிக்கும்னு ஜிகர்தண்டா வேண்டாம்னு முடிவு பண்ணியிருந்தோம். ஆனா வர்ற வழியில ஆளுக்கொண்ணு குடிச்சோம். அதையும் மறைக்காம சொல்லிடுறேன். தெப்பக்குளம் போக நேரம் இல்லை. ஆறரைக்கு ஊரு வந்து சேர்ந்தோம். நுழைவுச்சீட்டு, ஜிகர்தண்டா எல்லாம் சேர்த்து ஆளுக்கு நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுச்சு.

இது வரைக்கும் சந்தோஷம். இனி தப்பு.

எங்க குழுவில ஒரு தங்கச்சி. வயசு இருபத்தியேழு. கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கேயும் போனதில்லை. அவளும் வரணும்னு ஆசைப்பட்டா. "வீட்டுல விடமாட்டாக அக்கா"ன்னா. நான் என்ன சொல்லிக் கொடுத்தேன் தெரியுமா? "பேங்க் வேலையா குழுவோட போறேன்னு சொல்லு"ன்னேன். அது மட்டும் இல்லை. தீர்மான நோட்டுலயும் அன்னைக்கு "வங்கிப் பணிக்காக ஒன்பது உறுப்பினர்கள் மதுரை சென்று வருவது"ன்னு என் கையாலதான் எழுதினேன். ஊரு கேட்டா காட்டலாம்னு நினைச்சேன். அப்புறம் அதே நான், மஹால் வாசல்ல எடுத்த போட்டோவை ராத்திரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில வச்சேன்.

நாலாவது நாள் எங்களில ஒருத்தங்களுக்குக் காய்ச்சல். ஊரு பத்திக்கிச்சு. "ஊர் சுத்தப் போயி நோயைக் கொண்டாந்துட்டாளுக"ன்னு டீக்கடையில பேச்சு. பால் ஊத்தப் போன இடத்துல எங்க பாலைத் தனியா வைக்கச் சொன்னாங்க. பூக்கார அக்காகிட்ட ஒரு வாரம் யாரும் பூ வாங்கல. நாங்க ஒன்பது பேரும் வீட்டை விட்டு வெளியே வரல. எல்லாரும் போய்ப் பரிசோதனை கொடுத்தோம். ஒன்பது பேருக்கும் இல்லைன்னு முடிவு வந்துச்சு. அது மழைக்காலக் காய்ச்சல். ஆனா இல்லைன்னு வந்த செய்தி, இருக்குன்னு பரவின பேச்சு அளவுக்கு ஓடல.

நோய்ப் பேச்சு ரெண்டு வாரத்துல அடங்கிருச்சு. அந்தத் தங்கச்சி வீட்டுல அடங்கல. போட்டோவை அவ வீட்டுக்காரர் பார்த்துட்டாரு. "மஹாலுக்குப் போனதுக்குக் கோபம் இல்ல, பேங்க்குன்னு பொய் சொன்னதுக்குத்தான்"ன்னு அவரு சொன்னாரு. அது முழுசும் உண்மையான்னு எனக்குத் தெரியாது. கேட்டிருந்தா அனுப்பியிருப்பாரான்னும் தெரியாது. ஆனா அப்படிச் சொல்றதுக்கு அவருக்கு இடம் கொடுத்தது நான்தான். அன்னையிலிருந்து அவ கூட்டத்துக்கு வர்றதில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் மகள்கிட்ட கொடுத்து விடுறா.

மறுமாசம் நான் அவங்க வீட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னு, "தம்பி, அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தது நான். உங்க வீட்டுக்காரி இல்ல"ன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல. உட்காருங்கன்னும் சொல்லல. ஆனா உள்ளே அடுப்படியில அவ நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. அடுத்த கூட்டத்துல தீர்மான நோட்டுல அந்த வரியை அடிச்சு, "மதுரை நகரைச் சுற்றிப் பார்ப்பதற்காக"ன்னு திருத்தி, எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

நான் ஏன் அப்படி எழுதினேன்னு ரொம்ப யோசிச்சேன். ஆஸ்பத்திரிக்கு, பேங்க்குக்கு, ரேஷனுக்குன்னா நமக்கு வாய் திறக்குது. சும்மா பாக்கப் போறேன்னு சொல்ல வாய் வரல. அது ஏதோ குத்தம் மாதிரி நமக்கே இருக்கு. ஆம்பளைங்க டீக்கடைக்குப் போறதுக்குக் காரணம் சொல்றாங்களா? பஸ்ஸை அரசாங்கம் இலவசமாக்கிருச்சு. அந்த வார்த்தையை நாமதான் வாயால சொல்லிப் பழகணும்.

அதனால மற்ற குழுக்காரங்களுக்கு என் அனுபவத்துல நாலு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, எங்க போறோம், எதுக்குப் போறோம்னு தீர்மான நோட்டுல உள்ளதை உள்ளபடி எழுதுங்க. வீட்டுலயும் அப்படியே சொல்லுங்க. விடமாட்டேன்னா, குழுவா ரெண்டு பேர் போய்ப் பேசுங்க. பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போகாதீங்க. அந்தப் பொய்க்குக் கடைசியில விலை கொடுக்கிறது நம்மள்ல இளைச்சவதான்.

ரெண்டு, குழுச் சேமிப்பைத் தொடாதீங்க. வாரம் பத்து ரூபாய் தனி உண்டியல்ல போட்டா பத்து வாரத்துல ஒரு மதுரை.

மூணு, ஒரே நாள்ல எல்லாத்தையும் பாக்க நினைக்காதீங்க. கோயிலும் மஹாலும் ஒரு நாள், மியூசியமும் தெப்பக்குளமும் இன்னொரு நாள்னு பிரிச்சுக்கங்க. வயசானவங்க கூட வந்தா நடை குறைவா இருக்கணும்.

நாலு, காய்ச்சல் உள்ளவங்க வரக்கூடாதுங்கிற விதியைக் கொரோனா போனாலும் விட்டுடாதீங்க. வந்த பிறகு யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா மறைக்காம முதல்ல நாமளே போய்க் காட்டிரணும்.

இந்த வருஷம் ஏப்ரல் 16-ஆம் தேதி, ரெண்டு வருஷம் கழிச்சு அழகர் ஆத்துல இறங்கினாரு. எங்க குழு அந்தக் கூட்டத்துக்குப் போகல. ஆனா அடுத்த மாசம் தெப்பக்குளம் போறதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம். பேர்ப் பட்டியல்ல பதினாலு வரிசை போட்டு, அந்தத் தங்கச்சி பேருக்கு நேரா இடத்தைக் காலியா விட்டு வச்சிருக்கோம். போன வாரம் சேமிப்புப் பணம் கொண்டாந்த அவ மகள், "தெப்பக்குளத்துல தண்ணி நிக்குதா பெரியம்மா, அம்மா கேக்கச் சொன்னாங்க"ன்னா. "நிக்குதுன்னு சொல்லு, வந்து பாக்கச் சொல்லு"ன்னேன்.